சஸ்காச்சுவானில் அவ்வளவு வளம் இருந்தும் ஏன் ஆளில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பொட்டாஷ், யுரேனியம், எண்ணெய், கோதுமை, பருப்பு எல்லாம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் மக்கள்தொகை ஏன் இவ்வளவு குறைவு? நிலமும் குளிரும் எப்படி இருக்கும்? வேலைக்குப் போகலாமா?"

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். பரப்பு சுமார் 6,51,900 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 11,32,505 பேர். கோவை மாநகராட்சி எல்லைக்குள் மட்டுமே 2011-ல் பத்தரை லட்சம் பேர் இருந்தார்கள். ஆனால் எனக்கு இதைவிட வியப்பான கணக்கு வேறொன்று. 1931-ல் சஸ்காச்சுவானின் மக்கள்தொகை 9,21,785. ஒன்ராறியோ, கியூபெக் இரண்டுக்கும் அடுத்து, கனடாவின் மூன்றாவது பெரிய மாகாணமாக அன்று அது இருந்தது. அதன்பின் 90 ஆண்டுகளில் கூடியது இரண்டு லட்சம் சொச்சம்தான். நடுவில் குறையவும் செய்தது: 1951-ல் 8,31,728.

வளமில்லாமல் போனதால் ஜனங்கள் போகவில்லை. பெரிய வளங்களில் பாதி அதற்குப் பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே கிடைப்பதை எடுக்க ஆள் அதிகம் தேவைப்படவில்லை; எடுத்ததன் விலையோ அந்த மாகாணத்தின் கையில் இல்லை. மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

வரைபடத்தில் சஸ்காச்சுவானைக் கண்டுபிடிப்பது சுலபம். தெற்கே 49-வது அட்சரேகை, வடக்கே 60-வது, மேற்கே 110-வது தீர்க்கரேகை. ஆறு, மலை, கடல் எதையும் எல்லையாகக் கொள்ளாத ஒரே கனடிய மாகாணம் இது. 1905 செப்டம்பர் 1 அன்று அல்பெர்ட்டாவோடு சேர்த்து ஸ்கேல் வைத்து வெட்டினார்கள். கிழக்கு எல்லையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் அது நேர்கோடல்ல, சின்னச் சின்னப் படிகளாக இருப்பது தெரியும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவரும். நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்த சர்வேயர்கள் சில மைல்களுக்கு ஒருமுறை அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டினார்கள். எல்லை அந்தச் சரிக்கட்டலின் மேலேயே போகிறது.

அந்தச் சர்வேதான் மாகாணத்தின் அஸ்திவாரம். 1872-ல் வந்த நிலச் சட்டப்படி, பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். குடியிருந்து, உழுது காட்டினால் சொந்தம். ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் வந்து இறங்கினார்கள், உக்ரைனியர்கள் உட்பட. அதற்கு வழிவிட 1874-ல் நான்காம் ஒப்பந்தம், 1876-ல் ஆறாம் ஒப்பந்தம் என்று க்ரீ முதலான பூர்வகுடிகளிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. பூர்வகுடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று ஒட்டாவாவில் இருந்த கனடிய அரசு அதைப் படித்தது. பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தோம் என்று பூர்வகுடிகள் இன்றுவரை சொல்கிறார்கள். இன்று மாகாணத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பூர்வகுடி வம்சத்தவர். எந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தப் பழைய கணக்கு கூடவே வரும்.

"சஸ்காச்சுவானா? ஒரே தட்டை" என்பார்கள். நெடுஞ்சாலையில் போனவர்கள் சொல்வது அது. வடக்கே பாதிக்கும் மேல் காடு. அதன் உச்சியில் கனடியக் கேடயம் என்னும் மிகப் பழைய பாறை நிலம். ஒரு லட்சம் ஏரி என்று அரசே சொல்லிக்கொள்கிறது. அங்கே பல ஊர்களுக்குச் சாலை கிடையாது. அத்தபாஸ்கா ஏரியின் தென்கரையில் காட்டுக்கு நடுவே நகரும் மணல்மேடுகள்கூட உண்டு. தென்மேற்கு மூலையில் சைப்ரஸ் மலை. மாகாணத்தின் உச்சி 1,392 மீட்டர், அதுவும் அங்கேதான். நம் ஊட்டி இதைவிட எவ்வளவோ உயரம், ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் தூரத்திலிருந்தே எழுந்து தெரியும்.

தெற்குப் பாதி பனிப்பாறைகள் செய்த வேலை. கடைசிப் பனியுகத்தில் மேலே கிடந்த பனித்தகடு உருகிப் பின்வாங்கியபோது பெரிய ஏரிகள் தேங்கின. அதில் ஒன்றின் அடிப்படுகைதான் இன்றைய ரெஜைனா நகரம் இருக்கும் களிமண் தட்டு. கோதுமைக்கு அருமையான மண், வீட்டுக்குப் பெரிய தலைவலி. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நிலவறைச் சுவரும் தண்ணீர்க் குழாயும் விரிசல் விடுவது அந்த ஊரின் நிரந்தரப் புகார். பனி விட்டுப்போன இன்னொன்று குட்டைகள். வயலுக்கு நடுவே வட்ட வட்டமாக எண்ண முடியாத அளவு இருக்கும். உழுபவருக்கு இடைஞ்சல், ஆனால் வட அமெரிக்காவின் வாத்துகளில் பெரும்பங்கு குஞ்சு பொரிப்பது இந்தக் குட்டைப் பகுதியில்தான்.

தண்ணீர் விஷயத்தில் தென்பகுதி கொஞ்சம் கடன்வாங்கிப் பிழைக்கிறது. வட, தென் சஸ்காச்சுவான் ஆறுகள் இரண்டும் அல்பெர்ட்டாவைத் தாண்டி ராக்கி மலைப் பனியிலிருந்து வருகின்றன. தென் கிளையில் 1967-ல் முடிந்த கார்டினர் அணை, மண் அணைகளில் உலகின் பெரியவற்றுள் ஒன்று. அது தேக்கிய டீஃபன்பேக்கர் ஏரியிலிருந்து போகும் தண்ணீரை நம்பித்தான் ரெஜைனாவும் மூஸ் ஜாவும் இருக்கின்றன.

மழை அவ்வளவு குறைவு. ரெஜைனாவில் பனியையும் சேர்த்து ஆண்டுக்கு 40 செ.மீ.கூட வராது, தமிழ்நாட்டின் சராசரி 90 செ.மீ.க்கு மேல். பசிபிக் ஈரத்தை ராக்கி மலை மறித்துக்கொள்கிறது. வடக்கே ஆர்க்டிக் காற்றைத் தடுக்க மலை எதுவும் இல்லை. கடல் எந்தப் பக்கமும் பக்கத்தில் இல்லை. ஆகவே கோடையும் குளிரும் இரண்டும் எல்லை மீறும். 1893 பிப்ரவரி 1 அன்று பிரின்ஸ் ஆல்பர்ட்டில் மைனஸ் 56.7 டிகிரி பதிவானது. 1937 ஜூலை 5 அன்று மிடேல், யெல்லோ கிராஸ் என்ற இரண்டு ஊர்களில் 45 டிகிரி. 2021-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் முறியடிக்கும் வரை கனடாவின் வெப்பச் சாதனை அதுதான். வேலூர் வெயிலும் அண்டார்க்டிக் குளிரும் ஒரே மாகாணத்தின் பதிவேட்டில்.

சாதாரண நாளில் எப்படி என்று கேட்டால், மாகாணத்தின் பெரிய நகரமான சாஸ்கட்டூனின் ஜனவரி சராசரி மைனஸ் 14 அல்லது 15. மைனஸ் 30-க்குப் போகும் வாரங்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும். நிறுத்தியிருக்கும் கார்களின் முன்பக்கத்தில் ஒரு பிளக் வயர் தொங்குவதைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் மின்சாரக் கார் என்று நினைப்பதுண்டு. அது எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் வயர். இரவில் சொருகி வைக்காவிட்டால் காலையில் ஆயில் தேன்பாகாக இறுகி, வண்டி முனகிவிட்டு நின்றுவிடும். ஒரு நல்ல செய்தி: குளிர் காய்ந்த குளிர், வானம் பெரும்பாலும் தெளிவு. தென்கிழக்கில் உள்ள எஸ்டெவன், கனடாவிலேயே வெயில் மணிநேரம் அதிகம் பெறும் ஊர்களில் ஒன்று. ஜூனில் பதினாறு மணிநேரத்துக்கு மேல் பகல். மழையில் பெரும்பங்கு மே முதல் ஜூலை வரை, பயிருக்கு வேண்டிய நேரத்தில் வந்துவிடுகிறது. உறைபனி இல்லாத நாட்கள் தென்பகுதியில் நூறு, நூற்றிருபது. அதற்குள் விதைத்து, விளைந்து, கதிர் முற்ற வேண்டும்.

இந்தக் காலக்கெடுவைக் கோதுமை தாண்டியது மார்க்விஸ் என்ற ரகத்தால். சார்ல்ஸ் சாண்டர்ஸ் உருவாக்கிய இது, பழைய ரெட் ஃபைஃப் ரகத்தைவிடச் சில நாட்கள் முன்னதாகவே முற்றிவிடும். அந்தச் சில நாட்கள்தான் உறைபனிக்கும் அறுவடைக்கும் இடையிலான வித்தியாசம். 1911-ல் நியூயார்க் கண்காட்சியில் ராஸ்தெர்ன் ஊர் விவசாயி சீகர் வீலர் மார்க்விஸ் கோதுமைக்கு ஆயிரம் டாலர் தங்கப் பரிசு வாங்கினார். குடியேற்றம் வெறிபிடித்ததுபோல் ஏறிய காலம் அது.

ஆனால் இந்த நிலத்தைப் பற்றி முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 1857 முதல் 1860 வரை ஆய்வு செய்த ஜான் பாலிசர், தெற்கே ஒரு பெரிய முக்கோணம் விவசாயத்துக்கு ஆகாத வறண்ட பூமி என்று எழுதிவைத்தார். பின்னால் வந்த ஜான் மக்கூன் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பார்த்துவிட்டு, அதெல்லாம் அருமையாக விளையும் என்றார். அரசுக்கும் ரயில்வேக்கும் பிடித்தது மக்கூன் சொன்னதுதான். 1930-களில் பாலிசர் சொன்னது நடந்தது. ஆண்டுக்கணக்கில் மழை இல்லை, மேல்மண் புழுதியாகப் பறந்தது, அதே நேரம் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கோதுமை விலை தரைமட்டம். மேலே சொன்ன 9,21,785 பேரில் பலர் கிளம்பியது அப்போதுதான். மிஞ்சியவர்கள் கூட்டுறவு, அரசு நிறுவனம், பொதுச் சுகாதாரம் என்று போனதற்கும் அந்தப் பத்தாண்டே காரணம் என்பது என் கருத்து. 1944-ல் டாமி டக்ளஸ் தலைமையில் வந்த ஆட்சி தொடங்கிவைத்து, 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த மருத்துவக் காப்பீடுதான் பிறகு கனடா முழுமைக்கும் முன்மாதிரி. மின்சாரம், தொலைபேசி, வாகனக் காப்பீடு மூன்றும் அங்கே இன்னமும் மாகாண அரசு நிறுவனங்களின் கையில்.

இனி நிலத்துக்கு அடியில் இருப்பது. நம் கிராமத்து உரக்கடையில் செங்கல் நிறத்தில் உப்புக்கல் போல ஒரு உரம் விற்பார்கள், பொட்டாஷ். வாழைக்கும் கரும்புக்கும் மூட்டை மூட்டையாகப் போகும். இந்தியாவில் இதற்குச் சுரங்கம் கிடையாது, முழுக்க இறக்குமதிதான். வருமிடங்களில் முக்கியமானது சஸ்காச்சுவான். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த உள்நாட்டுக் கடல் வற்றி வற்றிப் படிந்த உப்பு அது. சிவப்பு நிறம் அதில் கலந்த இரும்பால் வருவது. 1943-ல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது தற்செயலாகக் கிடைத்தது.

கிடைத்தாலும் எடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. உப்புப் படிவம் ஒரு கி.மீ. ஆழத்தில், அதற்கு மேலே பிளேர்மோர் எனப்படும் மணல் அடுக்கு முழுக்க, அழுத்தம் மிகுந்த தண்ணீர். கிணறுபோல் நேராகத் தோண்டினால் தண்ணீர் பீறிட்டு எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். எஸ்டர்ஹேசி ஊரில் சுற்றிலும் துளையிட்டு, கடுங்குளிர் உப்புநீரைச் செலுத்தி, அந்த ஈர மணலையே உறைய வைத்து, உறைந்த மண்ணுக்குள் தோண்டி, இரும்பு வளையங்களை அடுக்கிக்கொண்டே இறங்கினார்கள். 1962-ல் உற்பத்தி தொடங்கியது. இன்று மேலே மைனஸ் 30 இருக்கும் நாளிலும் கீழே அரைக்கைச் சட்டையோடு வேலை செய்யலாம்; அந்த ஆழத்தில் பூமியே சூடு. சுரங்கப்பாதைகள் பல கி.மீ. நீளத்துக்குக் கிளை கிளையாக ஓடுகின்றன, சுவரில் செந்நிறக் கோடுகளோடு. பெல் பிளெய்ன் போன்ற இடங்களில் படிவம் இன்னும் ஆழம் என்பதால் ஆள் இறங்குவதே இல்லை. சூடான நீரை உள்ளே செலுத்தி, உப்பைக் கரைத்து, மேலே கொண்டுவந்து குளத்தில் விடுவார்கள். குளிர்ந்ததும் பொட்டாஷ் படிகமாக அடியில் இறங்கும். அந்த ஊர்க் குளிரால் காசு மிச்சமாகும் ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும். பிரித்தபின் மிஞ்சும் சாதா உப்பு ஆலைக்குப் பக்கத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும். சமவெளியில் பல கி.மீ. தள்ளியிருந்தே தெரியும்.

உலகப் பொட்டாஷ் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கனடாவினுடையது, கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரு மாகாணத்திலிருந்து. அடுத்த இரண்டு பெரிய நாடுகள் ரஷ்யாவும் பெலாரஸும். 2022-ல் உக்ரைன் போரும் தடைகளும் வந்ததும் பொட்டாஷ் விலை எகிறியது அதனால்தான்.

யுரேனியம் இன்னும் வினோதம். வடக்கே அத்தபாஸ்கா படுகையில் இருக்கும் தாதுவின் தரம் உலகில் வேறெங்கும் இல்லை. பல நாட்டுச் சுரங்கங்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ள தாதுவை எடுக்கிறார்கள். சிகார் லேக் சுரங்கத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல். அந்தக் கதிர்வீச்சுக்கு நடுவே மனிதன் போய்ப் பாறை வெட்ட முடியாது. அங்கேயும் நிலத்தை முதலில் உறைய வைக்கிறார்கள். தாதுவுக்குக் கீழே குகைவழி போட்டு, அங்கிருந்து மேல்நோக்கித் துளையிட்டு, மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சித் தாதுவை அறுத்துக் கூழாக இறக்குகிறார்கள். 1981-ல் கண்டுபிடித்தது, 2006-லும் 2008-லும் வெள்ளம் புகுந்து நின்று, 2014-ல்தான் உற்பத்திக்கு வந்தது. 2015 ஏப்ரலில் பிரதமர் மோடி கனடா போனபோது, 2020 வரை 71 லட்சம் பவுண்டு யுரேனியம் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது சாஸ்கட்டூனைத் தலைமையிடமாகக் கொண்ட கமெக்கோ நிறுவனத்தோடு. சர்வதேசக் கண்காணிப்பில் உள்ள உலைகளுக்கு மட்டுமே அது போகும். கண்காணிப்புப் பட்டியலில் இல்லாத கல்பாக்கம் மின் உலைகளுக்கு அல்ல. வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே யுரேனியம் விற்கும் இந்த மாகாணத்தில் ஒரு அணுமின் நிலையம்கூட இல்லை. எரிவாயுவும், எஸ்டெவன் பக்கம் கிடைக்கும், நெய்வேலியில் இருப்பது போன்ற பழுப்பு நிலக்கரியும்தான் பெரும்பாலும் எரிகின்றன.

எண்ணெயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அல்பெர்ட்டாவுக்கு அடுத்து கனடாவில் அதிகம் எடுப்பது இங்கேதான்: தென்கிழக்கில் பாக்கென் பாறையின் இலகு எண்ணெய், லாய்ட்மின்ஸ்டர் பக்கம் கெட்டியான கனரக எண்ணெய்.

பருப்புக் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 1970 வாக்கில்தான் அங்கே மசூர் பருப்பு (நம் கடைகளில் மைசூர் பருப்பு) பயிரிடவே தொடங்கினார்கள். கோதுமை விலை விழுந்து கிடந்த நேரம், மாற்றுப்பயிர் வேண்டியிருந்தது. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் ஆல் ஸ்லிங்கார்ட் 1978-ல் லேர்ட் என்ற பச்சை மசூர் ரகத்தைக் கொடுத்தார். வறட்சி தாங்கும், நைட்ரஜனைத் தானே மண்ணில் சேர்க்கும், நிலத்தைத் தரிசு போடும் வழக்கமும் குறைந்தது. இன்று உலகில் மசூர் ஏற்றுமதியில் முதலிடம் கனடா, அதில் பெரும்பகுதி இங்கிருந்து. பச்சை மசூரைத் தோல் நீக்கி உடைத்தால் உள்ளே மஞ்சள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம் பருப்புக்கு மாற்றாகக் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைத்த "கனடா மஞ்சள் பருப்பு" நினைவிருக்கிறதா, அது இந்த வகைதான். சாம்பாருக்கு ஆகாது என்று நம் வீடுகளில் திட்டு வாங்கிய பருப்பு. அங்கே ஒரு தலைமுறை விவசாயிகளைக் கடனிலிருந்து தூக்கிவிட்டது.

ஆனால் 2017 நவம்பரில் இந்தியா மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீதமும், அடுத்த மாதம் மசூருக்கு 30 சதவீதமும் வரி போட்டது. நம் ஊர் விவசாயியைக் காக்க அது சரியே என்று வாதிடலாம். அங்கே விதை வாங்கியிருந்தவருக்கோ பேரிடி. 2019-ல் சீனா கனோலா என்னும் எண்ணெய் வித்து வாங்குவதைப் பெருமளவு நிறுத்தியது. சீன நிறுவனமான ஹுவாவேயின் அதிகாரி மெங் வான்சோ கனடாவில் கைதானதற்குப் பதிலடி என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் கனோலா எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் பட்டாணிக்கும் சீனா 100 சதவீதம் வரி போட்டது. கனடா சீன மின்கார்களுக்குப் போட்ட வரிக்குப் பதில் அது. காரும் சஸ்காச்சுவானில் செய்யவில்லை, கைதும் அங்கே நடக்கவில்லை. பொட்டாஷிலும் இதே கதைதான்: 2009-10 பட்ஜெட்டில் பொட்டாஷ் வரியாக 190 கோடி டாலர் வருமென்று மாகாண அரசு போட்ட கணக்கு, விலை சரிந்து, கடைசியில் நிறுவனங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் நிலையில் முடிந்தது.

அதோடு கடல் தூரம். கடல் கடந்து ஆசியாவுக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி வான்கூவர் துறைமுகம் வரை ராக்கி மலையைத் தாண்டி ரயிலில் போக வேண்டும். குளிர் மிகும்போது பிரேக்கில் காற்றழுத்தம் நிற்காது என்று ரயிலின் நீளத்தைக் குறைப்பார்கள், சரக்கு தேங்கும். ரயில்வே வேலைநிறுத்தம் என்றால் மாகாணமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஆளில்லாததற்கு இனி விளக்கம் எளிது. 160 ஏக்கரில் தொடங்கிய பண்ணையின் சராசரி அளவு 2021-ல் 1,700 ஏக்கரைத் தாண்டிவிட்டது. ஒரு குடும்பமும் சில பெரிய இயந்திரங்களும் அதைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் பண்ணையை வாங்கியவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து ஊரில் வைத்துக்கொள்ள முடியாதே. பள்ளிக்கூடம் மூடும், அப்புறம் கடை, அப்புறம் ரயில் பாதை. வடக்கே சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விமானத்தில் போய் வருகிறார்கள். அங்கே ஊர் உண்டாவதில்லை. முன்பு ஊர் கட்டிப் பார்த்தார்கள், யுரேனியம் சிட்டி என்று பெயரே வைத்து. 1982-ல் சுரங்கம் மூடியது. இன்று அங்கே நூறு பேர்கூட இல்லை.

வேலைக்குப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் சுரங்கத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே வேலைக்கு எடுக்கப்படுபவர்களில் பலர் வெல்டர், எலக்ட்ரீஷியன், கனரக இயந்திர மெக்கானிக் என்று கனடியத் தொழிற்சான்றிதழ் உள்ளவர்கள். நம் ஊர் பொறியியல் பட்டத்தை மட்டும் காட்டினால் நீண்ட காலம் காத்திருக்க வேண்டிவரும். நர்சு, முதியோர் பராமரிப்பு, லாரி ஓட்டுநர், விவசாய இயந்திரப் பராமரிப்பு இவற்றில் ஆள் தட்டுப்பாடு நிரந்தரம். பயிர் ஆராய்ச்சி, கால்நடைத் தடுப்பூசி, மண்ணியல் படித்தவர்களுக்குச் சாஸ்கட்டூனில் உள்ள சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் மிக நல்ல இடம். குடியேற விரும்புபவர்களை மாகாணமே பரிந்துரைக்கும் திட்டத்தின் விதிகள் அடிக்கடி மாறுவதால் முகவர் சொல்வதை நம்பாமல் அரசு இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள். வீட்டு வாடகை டொரொன்டோ, வான்கூவரைவிடக் கணிசமாகக் குறைவு. அந்த ஊர்களில் இருக்கும் அளவு தமிழ்க் கடையும் கோயிலும் எதிர்பார்க்க வேண்டாம். மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மே மாதம் போய் இறங்குங்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவும், நல்ல ஜாக்கெட்டும் பூட்ஸும் தேடி வாங்கவும் அக்டோபர் வரை நேரம் இருக்கும்.